கலீஜ் காலேஜ்

பாய்,

என் பொண்ணு தேனுவுக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. காலையில் கடைப் பையன்கள் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். பெட்டியைப் பிரித்து, தெர்மாகோலை உருவி, டி.வி. மாதிரி இருந்ததைத் தூக்கி மேஜைமேல் வைத்தேன். அதைச் சுற்றியிருந்த பபுள் ஷீட் என் கையோடு வந்துவிட்டது. கட்டைவிரல் தானாக ஒரு கொப்புளத்தை அழுத்தியது. டப். அவ்வளவுதான், கம்ப்யூட்டரை மறந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். செல்வி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாய்யா, மயக்கமா?" என்று கேட்டாள். "இல்ல, பாய் வந்துட்டாரு" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

நீ போன பிறகு உன்னிடம் பேசுவது இதுதான் முதல் தடவை. இருந்தபோதும் ஒழுங்காகப் பேசியதில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போகிறவன் வருகிறவனைக் கலாய்க்கத்தான் நமக்கு நேரம் இருந்தது. முக்கியமானதைச் சொல்ல வாயெடுத்தால் நீ பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "உடு மாமு" என்பாய். இப்போது அப்படிச் சொல்ல நீ இல்லை. அதனால் உனக்குத் தெரிந்த கதையையே முதலிலிருந்து சொல்லப்போகிறேன். முழுசாகச் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.

திருவொற்றியூரில் நம் சந்து. ஒரே வாசல், எதிரெதிர் வீடு. ஹைரோடில் கண்டெய்னர் லாரிகள் ஹார்பர் வரைக்கும் வரிசை கட்டி நிற்கும். அதனால் வாசலைத் தாண்டிப் பிள்ளைகளை யாரும் விடமாட்டோம். செல்வி காலையில் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போய்விடுவாள். எனக்கு எண்ணூர் பக்கம் ஃபவுண்டரியில் பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். விடிந்து வந்து ஒரு தூக்கம் போட்டு எழுந்தால், மிச்சப் பகல் முழுக்கத் தேனுவும் நானும்தான். உனக்கு ஹார்பர் ஷெட்டில் பேக்கிங் வேலை. கப்பல் வந்தால் உன் தலையே தெரியாது. கப்பல் இல்லாவிட்டால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலிலேயே கிடப்பாய்.

தேனு பிறக்கும்போது வலது தோளில் நரம்பு இழுபட்டுவிட்டது. இடது கை துறுதுறுவென்று இருக்கும். வலது கை சும்மா தொங்கும், விரல்கள் பாதி மடங்கியே இருக்கும். பெரியாஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுத்த அம்மா தங்கமானவர். எழுதுவதற்கு இடது கை போதும், ஆனால் வலது கைக்குத் தினமும் வேலை கொடுக்காவிட்டால் அது சூம்பிப்போகும் என்று பொறுமையாக விளக்கினார். விரலை விரிக்க வேண்டும், மடக்க வேண்டும், பந்தை அழுத்த வேண்டும். செய்ய வேண்டியவன் நான். பந்தை எடுத்துக்கொண்டு நான் வந்தாலே அவள் அலற ஆரம்பிப்பாள். 'எக்ஸர்சைஸ்' என்று அவளுக்குச் சொல்ல வராது. 'எச்சச்சை வேணாம் நைனா' என்பாள். கொஞ்ச நாளில் பந்து இல்லாமல் வந்தாலும் என்னைப் பார்த்ததும் வலது கையைக் கவுனுக்குள் மறைக்கத் தொடங்கினாள். உலை வாசலில் வருஷக்கணக்காக நின்றவன் நான் பாய். அந்தச் சூடெல்லாம் எனக்கு ஒன்றுமில்லை. பெற்ற பெண் என்னைப் பார்த்துக் கையை ஒளிப்பதுதான் தாங்க முடியவில்லை.

அந்த ஏப்ரலில் எல்.கே.ஜி. சேர்க்கப் பக்கத்துத் தெரு இங்கிலீஷ் மீடியம் ஸ்கூலுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனோம். ஹெச்.எம். அம்மா அவள் கையைப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை, மழுப்பவும் இல்லை. "இங்க எல்லாப் பிள்ளைக்கும் சேர்த்து ஒரே ஆயாதான் சார். டிபன் பாக்ஸை அவளே திறக்கணும். இல்லைன்னா மத்த பிள்ளைங்க சாப்பிடுறதைப் பார்த்துட்டு உக்காந்திருப்பா, என்னால அதைப் பார்க்க முடியாது. ஜூன்ல கூட்டிட்டு வாங்க, திறந்துட்டான்னா சேர்த்துக்கறேன்" என்றார். அவர் மேசையிலேயே ஒரு டிபன் பாக்ஸை வைத்துப் பார்த்தோம். தேனு இடது கையால் மூடியை இழுத்தாள். டப்பாவும் சேர்ந்து வந்தது. பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும்.

திரும்பி வந்தபோது நீ அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாய். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னாச்சு என்று கேட்டாய். நான் சொன்னேன். குடத்தை அப்படியே வைத்துவிட்டு யோசித்தாய்.

"டப்பா தொறக்கணும், அவ்ளோதானே?"

"அவ்ளோதானா? நீ தொறக்க வெச்சுப் பாரு."

"நீ அந்தப் பந்த எங்கனா தூக்கிக் கடாசு மொதல்ல. ஒரு கையில ஆவாத வேலையா குடு மாமு. அப்பால அந்தக் கை எப்டி சும்மா கீதுன்னு பாக்கறேன்."

மறுநாள் என் பேப்பரைப் பிடுங்கித் தேனுவிடம் கொடுத்து, "கிழி" என்றாய். அதுவரை எதைத் தொட்டாலும் 'கிழிக்காதே' என்றுதான் கேட்டிருக்கிறாள். உன்னை ஒருமாதிரி பார்த்தாள். பிறகு பேப்பரைக் கீழே போட்டுக் காலால் மிதித்துக்கொண்டு, இடது கையால் சர்ரென்று கிழித்தாள். நான் தலையில் கைவைத்தேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அவளைத் தூக்கிக் கால் எட்டாத டிரம் மேல் உட்காரவைத்தாய். அவள் பேப்பரைப் பல்லால் கடித்துக்கொண்டு கிழித்தாள். "உன் பொண்ணு ஷார்ப்புடா" என்றாய். பெட்டிக்கடைக்குப் போய்க் கமர்கட்டு வாங்கிவந்து அவள் வாயில் போட்டாய். காலும் எட்டவில்லை, பல்லுக்கும் வேறு வேலை வந்துவிட்டது. கமர்கட்டை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பேப்பரையே பார்த்தாள். பிறகு வலது கை மெல்ல மேலே வந்து, பேப்பரைத் தொடையோடு சேர்த்து அமுக்கிக்கொண்டது. யாரும் எச்சச்சை என்று சொல்லவில்லை. தினத்தாள் முழுவதும் கிழிபட்டது. அன்றைக்கு நான் எந்தச் செய்தியும் படிக்கவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு மத்தியானமும் உன் வீட்டு முன்னறைதான். கிழித்த பேப்பரை ஊறவைத்து மைதாப் பசையோடு பிசைந்து, சொம்பின்மேல் அப்பிக் காயவைத்துக் கிண்ணம் செய்தோம். வெண்டைக்காயை வெட்டிச் சாயத்தில் தொட்டுச் சுவரில் பூப்பூவாக அச்சு குத்தினோம். செல்வி கம்பெனியிலிருந்து கொண்டுவந்த உடைந்த பட்டன்களைச் சணலில் கோத்து மாலை போட்டோம். ஆனால் தேனுவுக்குப் பிடித்தது பரோட்டா கடைதான். மைதாவில் உப்பும் மஞ்சளும் போட்டு இரண்டு கையாலும் பிசைய வேண்டும், தட்ட வேண்டும், வீச வேண்டும். "மாஸ்டர், முட்டை பரோட்டா ஒண்ணு, சால்னா தூக்கலா" என்று நீ ஆர்டர் கொடுப்பாய். அவள் வீசுகிற மாவு பாதி உன் தாடியில், பாதி ஃபேனில் போய் ஒட்டும்.

அந்த நேரத்தில்தான் பாயம்மா கடைக்குப் போய்விட்டு வந்து வாசலில் நின்றது. உன் சம்சாரத்துக்குக் கோபம் வந்தால் சந்து முழுக்கக் கேட்கும். "இன்னாய்யா இது, வூட்டையே கலீஜ் பண்ணி வெச்சிக்கினு கீறீங்க மூணு பேரும்" என்றது. குப்பை, அசிங்கம் என்று திட்டுகிற அந்த வார்த்தை தேனுவுக்குத் தேனாக இனித்தது. மறுநாள் மத்தியானம் உன் வாசலில் போய் நின்று, "பாய் மாமா, கலீஜ்?" என்று கேட்டாள். "வா கண்ணு, கலீஜ் பண்லாம்" என்று நீ கதவைத் திறந்தாய். பாயம்மாவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

அப்புறம் அதுதான் அதன் பெயர். மழலையில் அது கலீஜா காலேஜா என்று யாருக்கும் பிடிபடவில்லை. பம்படியில் யாராவது, "எங்கடி போற?" என்று கேட்டால், "காலேஜ் போறேன்" என்பாள். டீக்கடையில் நம்மைக் கிண்டல் பண்ண இது போதாதா? "இன்னா பாய், ரெண்டு தடிப்பசங்களும் மாவு பெசஞ்சிகினு ஆயா வேல பாக்கறீங்களாமே" என்று ஒருவன் ஆரம்பித்தான். நீ டீயைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாய். "ஆயா இல்ல நைனா, புரொபசர். எங்க காலேஜ்ல ஒன்னியெல்லாம் சேத்துக்க மாட்டோம்." எனக்கு அதுவரை உள்ளுக்குள் கொஞ்சம் கூச்சம் இருந்தது. அன்றோடு போயிற்று.

ஹார்பரில் வெளிநாட்டுச் சரக்குப் பிரிக்கும்போது குப்பைக்குப் போகிற பபுள் ஷீட்டை, கேட்டு வாங்கி, கேட் வாட்ச்மேனிடம் காட்டிவிட்டுக் கொண்டுவருவாய். நம் சந்து அதுவரை அதைப் பார்த்ததே இல்லை. தேனு அதற்கு 'டப்பு' என்று பெயர் வைத்தாள். இடது கையில் ஷீட், வலது கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். முதலில் ஒரு கொப்புளம்கூட வெடிக்கவில்லை. விரல் வழுக்கிக்கொண்டே போகும். நீ அவசரப்படுத்தியதே இல்லை. கடைசி வரிசையை மட்டும் அவள் தொடக் கூடாது என்று சட்டம் போட்டாய். "அது புரொபசர் ஃபீஸு" என்றாய். முதல் வரிசையே வெடிக்காதபோது கடைசி வரிசைக்குச் சட்டம் போட்ட ஆள் நீ.

அட்டைப்பெட்டியை வெட்டி நண்டு செய்தது ஞாபகம் இருக்கிறதா? கொடுக்குக்குப் பதில் துணி கிளிப். கிளிப் அவள் விரலுக்கு இறுக்கமாக இருந்தது. ஒரு மரத்துண்டை அதன் வாயில் செருகி வைத்து, கம்பி தளர்ந்ததும் கொடுத்தாய். அவள் வலது கையால் அதை அமுக்கித் திறந்து உன் தாடியைக் கவ்வவிடுவாள். நீ "ஐயோ, கட்சிடுச்சே" என்று உருளுவாய். சில நாள் கழித்துக் கொஞ்சம் இறுக்கமான கிளிப்பைச் சத்தமில்லாமல் மாற்றினாய். அவளுக்குத் தெரியாது. எனக்கே பின்னால்தான் தெரிந்தது. அவள் அந்தக் கைக்கு 'நண்டுக் கை' என்று பெயர் வைத்து எல்லாரிடமும் நீட்டிக் காட்ட ஆரம்பித்தாள்.

ஆனால் மே மாசக் கடைசியில் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஸ்கூல் திறக்கப் போகிறது, டிபன் பாக்ஸை இன்னும் திறக்க வரவில்லை. ஒரு மத்தியானம் உன் வீட்டுக்குள் வந்து, அவள் வலது கையைப் பிடித்து, விரல்களை டப்பாவின்மேல் ஒவ்வொன்றாக நானே மடக்கி வைத்தேன். அவள் அழுதாள். நான் விடவில்லை. நீ என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினாய். சண்டை வந்துவிட்டது. "என் பொண்ணு பாய், உன் பொண்ணு இல்ல" என்றேன். நீ கோபப்படவில்லை. "நீ அவ கைய புட்சிகினா, அவ கை எப்டி மாமு புடிக்கும்?" என்று மட்டும் கேட்டாய். நான் டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து புது விளையாட்டு. தினமும் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் எதையாவது போட்டு மூடி வைப்பாய். "உள்ள இன்னா கீது, சொல்லு?" கிளிஞ்சல், புளிப்பு மிட்டாய், கலர் பம்பரம். முதலில் மூடி சும்மா மேலே உட்கார்ந்திருக்கும். பிறகு ஒரு ஓரம் அழுந்தியிருக்கும். பிறகு இன்னும் கொஞ்சம். ஒரு நாள் நைட் ஷிஃப்ட் முடிந்து நான் அடித்துப்போட்டதுபோலத் தூங்கிக்கொண்டிருந்தேன். நீ வந்து உலுக்கினாய்.

"மாமு, எய்ந்துரு. இத்தப் பாரு."

அந்த டின்னை என் நெஞ்சின்மேல் வைத்தாய். மூடி நன்றாக அழுந்தி மூடியிருந்தது. திறந்தேன். உள்ளே ஒரு குட்டி மாவு பரோட்டா, மஞ்சள் நிறத்தில், விரல் தடங்களோடு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நான் வெக்கலடா. பாப்பா வெச்சா. அவளே மூடினா. ரெண்டு கையும் வெச்சு அமுக்கி மூடிட்டு, 'நைனாக்கு ஆர்டர், பார்சல்'னு சொல்லி என்னாண்ட குட்துச்சு."

நான் அழுதேன். நீயும் அழுதாய். தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். அவளுக்குத் தன் கையை என்னிடம் காட்டத் தோன்றியிருக்கிறதே, எனக்கு அது போதும் என்று இருந்தது. திறப்பது பிறகுதானே.

ஜூன் மாசம் ஸ்கூலுக்கு நீயும் வந்தாய். ரம்ஜானுக்கு எடுத்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தாடியைச் சீவி, மாப்பிள்ளை கணக்காக வந்தாய். அம்மா அப்பா மட்டும்தான் உள்ளே என்றதும் கேட்டுக்கு வெளியே சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்துகொண்டாய். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நீ பீடியைப் பற்றவைக்காமல் கையிலேயே வைத்திருந்தாய்.

ஹெச்.எம். அம்மா தேனுவைப் பார்த்துச் சிரித்து, "லீவுல என்ன பண்ணினே?" என்று கேட்டார்.

"காலேஜ் போனேன்."

"காலேஜா? அடேயப்பா. அங்க என்ன படிச்சே?"

"படிக்கல மிஸ். கலீஜ் பண்ணோம்."

செல்வி என் தொடையைக் கிள்ளினாள். ஹெச்.எம். அம்மாவுக்கு இரண்டு வார்த்தையும் காதில் விழுந்ததா, ஒன்றுதான் விழுந்ததா தெரியவில்லை. "சரி, இதைத் திற பார்ப்போம்" என்று டிபன் பாக்ஸை நகர்த்தினார். செல்வி வீட்டிலேயே கட்டிக் கொடுத்த டிபன்தான், தக்காளி சாதம். தேனு அதை மடியில் வைத்தாள். நண்டுக் கையால் டப்பாவை வயிற்றோடு அணைத்துப் பிடித்தாள். விரல்கள் நன்றாக மடங்கிப் பிடித்ததை நான் பார்த்தேன். இடது கையால் மூடியை இழுத்தாள். வரவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தாள். செல்வியின் கை என் கையைத் தேடி வந்தது. மூன்றாவது இழுப்பில் மூடி தெறித்தது. தக்காளி சாதம் மேசைமேல் பறந்து ரிஜிஸ்டர்மேலும் ஹெச்.எம். அம்மா புடவைமேலும் விழுந்தது.

தேனு மேசையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ரொம்ப சந்தோஷமாக, "கலீஜ் ஆயிடுச்சு மிஸ்" என்றாள்.

ஹெச்.எம். அம்மா புடவையிலிருந்து பருக்கைகளைத் தட்டியபடி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "இந்த காலேஜ்ல படிச்ச பிள்ளையை நான் சேர்த்துக்காம இருக்க முடியுமா?" என்றார். அப்புறம் குரலைத் தணித்து, "அந்த வார்த்தையை மட்டும் இங்க சொல்லாம பாத்துக்கோங்க" என்றார். பார்த்துக்கொள்கிறோம் என்றோம். பார்த்துக்கொள்ளவில்லை.

அவள் எங்களுக்கு முன்னால் ஓடிக் கேட்டுக்கு வந்துவிட்டாள். நீ எழுந்து நின்றாய். "இன்னா கண்ணு ஆச்சு?" என்றாய். அவள் மூச்சிரைக்க, "பாய் மாமா, உள்ள ஃபுல்லா கலீஜ் பண்ட்டேன்" என்றாள். உன் முகம் அப்படியே சுருங்கிப்போனதைத் தூரத்திலிருந்தே பார்த்தேன். காரியம் கெட்டுவிட்டது என்று நினைத்துவிட்டாய். அவள் தலையைத் தடவிக்கொடுத்து, "பரவால்ல கண்ணு, வேற ஸ்கூல் பாத்துக்கலாம், மெய்யாலுமே பரவால்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நான் ஓடிவந்து, "சேத்துட்டாங்க பாய்" என்றேன். நீ என்னைப் பார்த்தாய், அவளைப் பார்த்தாய், சிமெண்ட் கட்டையில் பொத்தென்று உட்கார்ந்து, பீடியைத் தலைகீழாக வாயில் வைத்துப் பற்றவைத்தாய்.

இதெல்லாம் நடந்து தேனு வளர்ந்து பெரியவளாகிவிட்டாள். வலது கை இன்னும் மற்றதைவிடக் கொஞ்சம் மெலிவுதான். ஆனால் சட்டைப் பட்டன் போடும், சடை பின்னும், அம்மாவோடு சண்டை வந்தால் கதவை அறைந்து சாத்தும். இப்போது ஸ்கூட்டி ஓட்டுகிறது. ஆக்ஸிலேட்டரும் முன் பிரேக்கும் அந்தக் கையில்தான். பின்னால் உட்கார்ந்து போகும்போது ஹைரோடில் கண்டெய்னர் லாரி குறுக்கே வந்தால் நான் ரோட்டைப் பார்க்கமாட்டேன். பிரேக்கைச் சுற்றி மடங்குகிற அந்த நாலு விரல்களைத்தான் பார்ப்பேன். எனக்கு அப்படி ஒரு பெருமை பாய். அவ்வளவு பெருமையை என் ஒருவனால் வைத்துக்கொள்ள முடியாது. பாதி உன்னுடையது.

போன ரம்ஜானுக்குக் கொஞ்சம் முன்னால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் நீ எழுந்திருக்கவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது என் தோளும் இருந்தது. எல்லாரோடும் சேர்ந்து நானும் மூன்று பிடி மண் போட்டேன். இரண்டு கையாலும் அள்ளித்தான் போட்டேன், நம் காலேஜில் எல்லாமே இரண்டு கை வேலைதானே. தேனு காலேஜில் சேர்ந்ததை நீ பார்க்கவில்லை. பி.காம். முதல் நாள் கிளம்பும்போது, பம்படியில் யாரோ, "எங்கம்மா போற?" என்று கேட்டார்கள். "காலேஜ்" என்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "இது செகண்ட் காலேஜ், இல்ல நைனா?" என்றாள். நம் பேச்சைக் கேட்டு முகத்தைச் சுளிக்கிறவர்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள். சுளிக்கட்டும். என் மகளைப் படிக்கவைத்தது கலீஜ்தான் என்று நான் எந்தச் சபையிலும் சொல்வேன்.

இன்றைக்குச் சாயங்காலம் அவள் வந்தபோதும் நான் கம்ப்யூட்டர் பக்கத்தில் பபுள் ஷீட்டோடு தரையில்தான் இருந்தேன். புதுக் கம்ப்யூட்டரை அவள் தொடக்கூட இல்லை. பையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஷீட்டை என் கையிலிருந்து வாங்கி வலது கட்டைவிரலால் வரிசையாக அழுத்த ஆரம்பித்தாள். டப், டப், டப். வழுக்கவே இல்லை. கடைசி வரிசை வந்ததும் விரல் நின்றுவிட்டது. அந்த வரிசையை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்து எடுத்து என்னிடம் நீட்டினாள்.

அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். இன்று நைட் ஷிஃப்டுக்கு அதோடுதான் போகிறேன். ஒரு கொப்புளம்கூட உடையாமல் பார்த்துக்கொள்வேன் பாய். அது உன் ஃபீஸ்.